ரீஜெனரேட்டிவ் நீராவிச் சுழற்சியின் திறனைக் கணக்கிடுவது எப்படி?

டர்பைனை நீராவி சுற்றும் எந்தப் பெரிய மின் நிலையத்திலும் ஒரு விசித்திரமான காரியம் நடந்துகொண்டே இருக்கும். எரிபொருளைச் செலவழித்துப் பாய்லரில் உருவாக்கிய நீராவியில் ஒரு பங்கை, அது முழுதாக உழைத்து முடிக்கும் முன்பே டர்பைனின் நடுவிலிருந்து உருவி எடுத்து, பாய்லருக்குப் போகும் தண்ணீரைச் சூடாக்க அனுப்பிவிடுவார்கள். இப்படிச் செய்யும் சுழற்சிதான் ரீஜெனரேட்டிவ் சுழற்சி. டர்பைன் தரும் வேலை அதனால் குறையும். ஆனாலும் நிலையத்தின் திறன், அதாவது கொடுத்த வெப்பத்தில் வேலையாக மாறும் பங்கு, கூடும். வேலை குறைந்தால் திறன் எப்படிக் கூடும்? புதிதாகப் படிக்க வருபவர்கள் முதலில் இடறுவது இந்த இடத்தில்தான். சூத்திரத்தை மனப்பாடம் செய்து விடையை எடுத்துவிடலாம். ஆனால் கேள்வி உள்ளே உறுத்திக்கொண்டே இருக்கும். ஒரே ஓர் எடுத்துக்காட்டை ஆரம்பம் முதல் கடைசி வரை எண்களோடு போட்டுப் பார்த்தால் அந்த உறுத்தல் தீர்ந்துவிடும். அதைத்தான் இங்கே செய்யப் போகிறோம்.

எதற்காக உருவுகிறோம்?

சாதாரண ரேங்கின் சுழற்சியை நினைத்துக்கொள்ளுங்கள்: பாய்லரில் உருவாகும் நீராவி டர்பைனில் வேலை செய்து, கண்டென்சரில் குளிர்ந்து தண்ணீராகி, பம்ப் வழியாகப் பாய்லருக்கே திரும்பும். கண்டென்சரில் இருந்து வரும் தண்ணீர் வெதுவெதுப்பாகத்தான் இருக்கும். கண்டென்சரின் அழுத்தம் 10 கிலோபாஸ்கல் என்றால் தண்ணீரின் வெப்பநிலை 45.8 டிகிரி செல்சியஸ். பாய்லர் 8 மெகாபாஸ்கலில் இயங்கினால், அந்த அழுத்தத்தில் தண்ணீர் கொதிப்பது 295 டிகிரியில். அதாவது 46 டிகிரித் தண்ணீரை 295 வரை கொண்டுபோவதற்கே பாய்லர் வெப்பத்தில் ஒரு பெரும் பகுதி செலவாகிறது.

வெப்பம் வீணாகவில்லையே, தண்ணீருக்குள்தானே போகிறது என்று தோன்றும். சிக்கல் வெப்பத்தின் அளவில் இல்லை, அது எந்த வெப்பநிலையில் உள்ளே போகிறது என்பதில் இருக்கிறது. ஒரு வெப்ப எந்திரத்தின் திறனை முடிவு செய்வது, வெப்பம் உள்ளே வரும் சராசரி வெப்பநிலையும் வெளியே போகும் வெப்பநிலையும்தான். குளிர்ந்த தண்ணீரைப் பாய்லருக்குள் விட்டால், உள்ளே வரும் வெப்பத்தின் சராசரி வெப்பநிலை கீழே இறங்கிவிடுகிறது. ஆகவே அந்த ஆரம்பச் சூடேற்றத்தைப் பாய்லரின் தலையில் கட்டாமல், சுழற்சிக்குள்ளேயே இருக்கும் நீராவியைக் கொண்டு செய்துகொள்கிறோம்.

இதையே வேறு விதமாகவும் பார்க்கலாம். எனக்கு இந்தப் பார்வைதான் அதிகம் உதவியது. கண்டென்சர் வரை போகும் ஒவ்வொரு கிலோ நீராவியும், வேலை செய்து முடித்த பிறகு, தன்னிடம் மிஞ்சிய ஏறக்குறைய 1,900 கிலோஜூல் வெப்பத்தைக் குளிர்விக்கும் நீரில் கொட்டிவிட்டுப் போகிறது. நடுவில் உருவிய நீராவி அப்படிக் கொட்டுவதில்லை. அது கொஞ்சம் வேலை செய்கிறது, மிச்சம் உள்ள வெப்பம் முழுவதையும் சுழற்சிக்குள்ளேயே திருப்பித் தருகிறது. அந்தப் பங்கைப் பொறுத்தவரை வெளியே போவது எதுவுமில்லை.

படமும் அட்டவணையும்

எண்ணைத் தொடும் முன் ஒரு படம் போடுங்கள். பெட்டிகளும் அம்புக்குறிகளும் போதும்: பாய்லர், டர்பைன், கண்டென்சர், இரண்டு பம்ப், ஒரு ஹீட்டர். நாம் எடுத்துக்கொள்வது திறந்த ஹீட்டர். அதாவது உருவிய நீராவியும் கண்டென்சரில் இருந்து வந்த தண்ணீரும் ஒரே தொட்டிக்குள் நேரடியாகக் கலக்கும். பாதை நெடுக எண் போட்டுக்கொள்வோம்.

1 – கண்டென்சரை விட்டு வெளியேறும் தண்ணீர்
2 – முதல் பம்ப்பைத் தாண்டிய தண்ணீர்
3 – ஹீட்டரை விட்டு வெளியேறும் தண்ணீர்
4 – இரண்டாவது பம்ப்பைத் தாண்டி, பாய்லருக்குள் நுழையும் தண்ணீர்
5 – பாய்லரை விட்டு டர்பைனுக்குள் நுழையும் நீராவி
6 – டர்பைனின் நடுவில் உருவும் நீராவி
7 – டர்பைனின் கடைசியில் கண்டென்சருக்குள் விழும் நீராவி

அந்தந்தப் புள்ளியில் ஒரு கிலோவுக்கு எத்தனை கிலோஜூல் என்தால்பி (ஓடும் நீரோ நீராவியோ தன்னோடு சுமந்து செல்லும் ஆற்றல்) என்பதை எ1, எ2 என்று எழுதுவோம். உருவும் பங்கை 'ப' என்று வைத்துக்கொள்வோம். பாய்லரை விட்டு 1 கிலோ நீராவி கிளம்பினால், அதில் ப கிலோ நடுவில் பிரிந்துவிடுகிறது, (1 − ப) கிலோ மட்டும் கண்டென்சர் வரை போகிறது. படத்தில் ஒவ்வொரு அம்புக்குறியின் மேலும் அந்த இடத்தில் எத்தனை கிலோ ஓடுகிறது என்று எழுதிவிடுங்கள்: 1, ப, அல்லது 1 − ப. இந்த ஒரு பழக்கம் பாதித் தவறுகளைத் தடுத்துவிடும். எப்படி என்று பின்னால் காட்டுகிறேன்.

நீராவி அட்டவணை ஒன்று வேண்டும். இன்று புழங்கும் பெரும்பாலான அட்டவணைகளும் மென்பொருள்களும் 1997-இல் வந்த சர்வதேசத் தொழில்துறைச் சமன்பாடுகளின்படி அமைந்தவை. பழைய அட்டவணைகளில் எண்கள் இம்மி அளவு மாறும். எதை எடுத்தாலும் கணக்கு முடியும் வரை அதையே பயன்படுத்துங்கள்.

நம் எடுத்துக்காட்டு

டர்பைனுக்குள் நுழையும் நீராவி 8 மெகாபாஸ்கல், 500 டிகிரி. கண்டென்சர் 10 கிலோபாஸ்கல். உருவும் இடம் 0.8 மெகாபாஸ்கல். முதலில் டர்பைனும் பம்ப்புகளும் குறையே இல்லாதவை என்று வைத்துக்கொள்வோம். அதாவது அவற்றுக்குள் நுழையும்போது இருந்த என்ட்ரோபி (ஆற்றல் எவ்வளவு சிதறியிருக்கிறது என்பதன் அளவு) வெளியேறும்போதும் மாறாமல் இருக்கும். குழாய்களில் அழுத்த இழப்பும் இல்லை. ஹீட்டரை விட்டு வரும் தண்ணீர் கொதிநிலையின் விளிம்பில் நிற்கும் தெவிட்டிய நீர்.

படி 1: தண்ணீர்ப் பக்கம்

எப்போதும் தண்ணீர்ப் பக்கத்திலிருந்து தொடங்குங்கள். அதுதான் எளிது.

புள்ளி 1: 10 கிலோபாஸ்கலில் தெவிட்டிய நீர். அட்டவணையில் எ1 = 191.81. ஒரு கிலோ நீரின் கன அளவு 0.001010 கன மீட்டர்.

முதல் பம்ப் இந்த நீரை 800 கிலோபாஸ்கலுக்கு உயர்த்துகிறது. பம்ப்பின் வேலை என்பது கன அளவை அழுத்த வேறுபாட்டால் பெருக்குவதுதான்: 0.001010 × (800 − 10) = 0.80. ஆக எ2 = 192.61.

புள்ளி 3: 0.8 மெகாபாஸ்கலில் தெவிட்டிய நீர். எ3 = 720.87, கன அளவு 0.001115, வெப்பநிலை 170.4 டிகிரி.

இரண்டாவது பம்ப்: 0.001115 × (8000 − 800) = 8.03. எ4 = 728.90.

இங்கே ஒரு விஷயம் கவனியுங்கள். தண்ணீரை 8 மெகாபாஸ்கலுக்கு ஏற்ற வெறும் 8 கிலோஜூல் போதும். டர்பைன் தரப்போவது ஆயிரத்துக்கும் மேல். நீராவிச் சுழற்சியின் பலமே இதில்தான் இருக்கிறது. அழுத்துவது திரவத்தை, விரியவிடுவது ஆவியை.

படி 2: டர்பைன் பக்கம்

புள்ளி 5: 8 மெகாபாஸ்கல், 500 டிகிரி. எ5 = 3399.5, என்ட்ரோபி 6.7266.

இனி டர்பைன் முழுக்க என்ட்ரோபி அதே 6.7266-தான். புள்ளி 6-இல் அழுத்தம் 0.8 மெகாபாஸ்கல். இங்கே நிதானிக்க வேண்டும். நீராவி ஈரமாக (நீர்த்துளிகள் கலந்ததாக) இருக்கிறதா, சூப்பர்ஹீட் ஆக (கொதிநிலையைத் தாண்டிச் சூடானதாக) இருக்கிறதா? அந்த அழுத்தத்தில் தெவிட்டிய நீராவியின் என்ட்ரோபி 6.6616. நம்முடையது அதைவிட அதிகம். எனவே சூப்பர்ஹீட் அட்டவணைக்குப் போக வேண்டும். அதில் 0.8 மெகாபாஸ்கல், 200 டிகிரிக்கு என்ட்ரோபி 6.8177, என்தால்பி 2839.8. தெவிட்டிய நிலையில் என்தால்பி 2768.3. இரண்டுக்கும் நடுவே இடைக்கணிப்பு செய்தால்:

(6.7266 − 6.6616) ÷ (6.8177 − 6.6616) = 0.416
எ6 = 2768.3 + 0.416 × 71.5 = 2798.1

வெப்பநிலை சுமார் 183 டிகிரி.

புள்ளி 7: 10 கிலோபாஸ்கல். இங்கே தெவிட்டிய நீரின் என்ட்ரோபி 0.6492, நீராவியின் என்ட்ரோபி 8.1488. நம் 6.7266 இரண்டுக்கும் நடுவில் விழுகிறது, ஆகவே இது ஈர நீராவி. உலர்வு விகிதம், அதாவது ஒரு கிலோவில் ஆவியாக இருக்கும் பங்கு:

(6.7266 − 0.6492) ÷ 7.4996 = 0.810
எ7 = 191.81 + 0.810 × 2392.1 = 2130.3 (0.81036 என்று ஐந்து இலக்கம் வைத்துப் பெருக்குங்கள்; 2392.1 என்பது அந்த அழுத்தத்தில் ஒரு கிலோ தெவிட்டிய நீர் முழுதாக ஆவியாகத் தேவையான வெப்பம்)

இந்த ஈரமா, சூப்பர்ஹீட்டா என்ற சோதனையைத் தாண்டிக் குதிப்பவர்கள் ஏராளம். ஈரம் என்று தவறாக எடுத்துக்கொண்டால் உலர்வு விகிதம் 1-ஐத் தாண்டும். அப்படி ஒரு விடை வந்தால் உடனே நிறுத்திவிட்டுத் திரும்பிப் பாருங்கள்.

படி 3: எவ்வளவு உருவ வேண்டும்?

இந்தக் கணக்கின் உயிர்நாடி இதுதான். உருவும் பங்கை நாம் விருப்பப்படி தேர்ந்தெடுப்பதில்லை. ஹீட்டரின் வரவு செலவே அதை முடிவு செய்கிறது. ஹீட்டருக்குள் ப கிலோ நீராவி எ6-உடன் வருகிறது. (1 − ப) கிலோ தண்ணீர் எ2-உடன் வருகிறது. வெளியே 1 கிலோ தண்ணீர் எ3-உடன் போகிறது. வெளிச்சுவர் வழியே இழப்பு இல்லை என்றால் வரவும் செலவும் சமம்:

ப × எ6 + (1 − ப) × எ2 = எ3

மாற்றி எழுதினால்:

ப = (எ3 − எ2) ÷ (எ6 − எ2) = 528.26 ÷ 2605.5 = 0.2027

ஐந்தில் ஒரு பங்கு நீராவி. முதல்முறை பார்ப்பவர்களுக்கு இது மிகப் பெரிய அளவாகத் தெரியும், ஆனால் உண்மை அதுதான்.

படி 4: வெப்பமும் வேலையும்

எல்லாமே பாய்லரை விட்டுக் கிளம்பும் ஒரு கிலோவுக்கான கணக்கு.

உள்ளே வரும் வெப்பம்: எ5 − எ4 = 3399.5 − 728.9 = 2670.6
வெளியே போகும் வெப்பம்: (1 − ப) × (எ7 − எ1) = 0.7973 × 1938.5 = 1545.5
நிகர வேலை: 2670.6 − 1545.5 = 1125.1
திறன்: 1125.1 ÷ 2670.6 = 0.421

42.1 சதவீதம்.

இங்கே நிறுத்திவிடாதீர்கள். இதே வேலையை இன்னொரு வழியில் எடுங்கள். டர்பைனின் முதல் பகுதியில் முழு 1 கிலோவும் ஓடுகிறது: 3399.5 − 2798.1 = 601.4. இரண்டாம் பகுதியில் 0.7973 கிலோ மட்டும்: 0.7973 × (2798.1 − 2130.3) = 532.4. மொத்தம் 1133.8. பம்ப்புகளுக்குச் செலவு: முதலாவதில் 0.7973 × 0.80 = 0.64, இரண்டாவதில் 8.03, மொத்தம் 8.67. மீதி 1125.1. இரண்டு வழியும் ஒரே எண்ணில் வந்து சேர்கின்றன.

இந்த இரட்டைச் சரிபார்ப்பை நான் ஏன் இவ்வளவு வற்புறுத்துகிறேன்? நான் முதன்முதலில் இந்தக் கணக்கைப் போட்டபோது, டர்பைனின் இரண்டாம் பகுதியில் (1 − ப)-ஐப் போட மறந்துவிட்டேன். அப்படிச் செய்தால் வேலை 1260 ஆகி, திறன் 47.2 சதவீதம் என்று வரும். பார்க்க நம்பும்படியான எண்தான். நானும் நம்பினேன். அதே (1 − ப)-ஐக் கண்டென்சர் பக்கம் மறந்தால் திறன் 27.4 சதவீதம் என்று வரும். ஒரு வழியை மட்டும் பிடித்துக்கொண்டு போனால் இரண்டு தவறுமே கண்ணில் படாமல் போகலாம். இரண்டு வழியிலும் போட்டால் எண்கள் ஒன்றையொன்று காட்டிக்கொடுத்துவிடும். அம்புக்குறியின் மேல் கிலோவை எழுதச் சொன்னது இதற்காகத்தான்.

படி 5: ஹீட்டர் இல்லாத சுழற்சியோடு ஒப்பிடுவது

42.1 என்பது நல்ல எண்ணா, கெட்ட எண்ணா? தனியாகப் பார்த்தால் சொல்ல முடியாது. அதே பாய்லர், அதே கண்டென்சர், ஹீட்டர் மட்டும் இல்லாமல் கணக்கிடுங்கள். ஒரே பம்ப்: 0.001010 × 7990 = 8.07. பாய்லருக்குள் நுழையும் என்தால்பி 199.9. உள்ளே வரும் வெப்பம் 3199.6, வெளியே போவது 1938.5, வேலை 1261.1. திறன் 39.4 சதவீதம்.

இப்போது பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். உருவியதால் வேலை 1261-லிருந்து 1125-க்கு இறங்கியது, ஏறக்குறைய 11 சதவீதக் குறைவு. ஆனால் உள்ளே விட்ட வெப்பம் 3200-லிருந்து 2671-க்கு இறங்கியது, 16.5 சதவீதக் குறைவு. செலவு வரவைவிட வேகமாகக் குறைந்தது. திறன் கூடியதன் முழுக் கதையும் இதுதான்.

மின் நிலையத்தில் வேலை செய்பவர்கள் இதை ஹீட் ரேட் என்ற அளவில் பேசுவார்கள். ஒரு யூனிட், அதாவது ஒரு கிலோவாட் மணி உற்பத்தி செய்ய எத்தனை கிலோஜூல் வெப்பம் தேவை என்ற எண் அது. 3600-ஐத் திறனால் வகுத்தால் கிடைத்துவிடும். ஹீட்டர் இல்லாமல் 9134, ஹீட்டரோடு 8545. குறைந்தால் நல்லது. (உண்மை நிலையத்தில் பாய்லர், ஜெனரேட்டர் இழப்புகளும் சேரும். இங்கே சுழற்சியை மட்டும் பார்க்கிறோம்.)

ஒரு யூனிட்டுக்கு எத்தனை கிலோ நீராவி வேண்டும்? இதில் எண் எதிர்த்திசையில் போகும். ஹீட்டர் இல்லாமல் 2.85 கிலோ, ஹீட்டரோடு 3.20 கிலோ. நீராவி அதிகம் செலவாகிறது, ஆகவே திறன் குறைந்துவிட்டது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். பாய்லரில் ஒவ்வொரு கிலோவுக்கும் கொடுக்கும் வெப்பம் குறைந்திருக்கிறது என்பதை அவர்கள் விட்டுவிட்டார்கள். அதே சமயம் கண்டென்சர் வரை போகும் நீராவி ஒரு யூனிட்டுக்கு 2.85 கிலோவிலிருந்து 2.55 கிலோவாகக் குறைகிறது. டர்பைனின் வாயில் ஒரு கிலோ நீராவி 0.042 கன மீட்டர் இடத்தைத்தான் பிடிக்கிறது. கடைசியில் அதே ஒரு கிலோ ஏறக்குறைய 12 கன மீட்டராக விரிந்துவிடுகிறது. கடைசி வரிசை பிளேடுகள் அவ்வளவு நீளமாக இருப்பது இதனால்தான். அங்கே ஓட்டம் பத்து சதவீதம் குறைவது டர்பைனை வடிவமைப்பவர்களுக்குப் பெரிய ஆறுதல்.

காணாமல் போன இரண்டு சதவீதம்

இந்தப் பகுதியை அவசரப்படாமல் படியுங்கள். பல பாடங்களில் இதைத் தொடுவதே இல்லை, எனக்கோ இதுதான் மிகவும் பிடித்த இடம்.

ஆரம்பத்தில் சராசரி வெப்பநிலை என்றேன் அல்லவா? அதைக் கணக்கிடுவது சுலபம். உள்ளே வரும் வெப்பத்தை என்ட்ரோபி ஏற்றத்தால் வகுக்க வேண்டும். ஹீட்டர் இல்லாத சுழற்சியில் 3199.6 ÷ (6.7266 − 0.6492) = 526.5 கெல்வின். கண்டென்சர் 45.8 டிகிரி, அதாவது 319 கெல்வின். 1 − 319 ÷ 526.5 = 0.394. முன்பு கிடைத்த அதே 39.4 சதவீதம். அழகாகப் பொருந்துகிறது.

ஹீட்டர் உள்ள சுழற்சிக்கும் அப்படியே செய்வோம். புள்ளி 4-இன் என்ட்ரோபி, புள்ளி 3-இல் இருந்த அதே 2.0457. ஆக 2670.6 ÷ (6.7266 − 2.0457) = 570.5 கெல்வின். சராசரி வெப்பநிலை 44 டிகிரி ஏறிவிட்டது. திறன் 1 − 319 ÷ 570.5 = 0.441 இருக்க வேண்டும். ஆனால் நமக்குக் கிடைத்தது 0.421. மிச்சம் 2 சதவீதம் எங்கே போனது?

ஹீட்டருக்குள் பாருங்கள். 183 டிகிரி நீராவி, 46 டிகிரித் தண்ணீரோடு நேரடியாகக் கலக்கிறது. வெப்பம் வெளியே கசியவில்லை. ஆனால் அவ்வளவு வெப்பநிலை வேறுபாட்டில் கலந்தால் அது திரும்ப முடியாத மாற்றம், என்ட்ரோபி புதிதாகப் பிறக்கும். எவ்வளவு?

2.0457 − 0.2027 × 6.7266 − 0.7973 × 0.6492 = 0.164

இதை 319 கெல்வினால் பெருக்கினால் 52.4 கிலோஜூல். இதுதான் கைநழுவிப் போன வேலை. 52.4-ஐ 2670.6-ஆல் வகுத்தால் 0.0196. அதை 0.441-லிருந்து கழித்தால் 0.421. காணாமல் போன இரண்டு சதவீதம் மொத்தமும் அந்தத் தொட்டிக்குள் நடந்த கலப்பில் இருக்கிறது.

இதிலிருந்து இரண்டு விஷயங்கள் கிடைக்கின்றன. முதலாவது, 44.1 என்பது இந்தச் சுழற்சி தாண்ட முடியாத கூரை. நான் முன்பு சொன்ன 47.2 என்ற தவறான விடை, இந்தக் கூரையை ஒரு முறை பார்த்திருந்தாலே அங்கேயே அகப்பட்டிருக்கும். இரண்டாவது, ஒரே ஹீட்டரில் பெரிய வெப்பநிலை வேறுபாட்டோடு கலப்பதற்குப் பதில், பல ஹீட்டர்களில் சிறிது சிறிதாகச் சூடாக்கினால் இழப்பு குறையும். பெரிய நிலையங்களில் ஏழெட்டு ஹீட்டர்கள் வரிசையாக நிற்பதற்குக் காரணம் இதுதான்.

உருவும் அழுத்தத்தை எப்படித் தேர்ந்தெடுப்பது?

0.8 மெகாபாஸ்கல் என்று நான் எடுத்தது குருட்டாம்போக்கில் அல்ல. பாய்லர் கொதிநிலை 295, கண்டென்சர் 45.8. இரண்டுக்கும் நடு 170.4 டிகிரி. அந்த வெப்பநிலையில் தண்ணீர் கொதிக்கும் அழுத்தம் 0.8 மெகாபாஸ்கல். ஒரே ஹீட்டர் என்றால் நடுவில் வைப்பது, இரண்டு என்றால் இடைவெளியை மூன்றாகப் பிரிப்பது என்பது பொறியாளர்கள் நெடுங்காலமாகப் பயன்படுத்தும் கைக்கணக்கு.

இது எவ்வளவு சரி என்று பார்க்க, மற்ற அழுத்தங்களிலும் போட்டுப் பார்த்தேன். 0.1 மெகாபாஸ்கலில் 41.4 சதவீதம். 0.5-இல் 42.1. 0.8-இல் 42.1. 2 மெகாபாஸ்கலில் 41.8. உச்சி எவ்வளவு தட்டையாக இருக்கிறது பாருங்கள். சரியான அழுத்தத்தைத் தேடி மூன்றாவது தசம இலக்கத்துக்குப் போராடத் தேவையில்லை. டர்பைனில் உருவுவதற்குத் தோதான இடம் எங்கே கிடைக்கிறதோ அதைப் பொறுத்து முடிவு செய்யலாம், பெரிய நஷ்டம் வராது.

மூடிய ஹீட்டர் என்றால்

திறந்த ஹீட்டருக்கு ஒரு தொந்தரவு உண்டு. ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு பம்ப் வேண்டும். அதுவும் கொதிநிலை விளிம்பில் நிற்கும் தண்ணீரை இழுக்க வேண்டும். அழுத்தம் சற்றுக் குறைந்தாலும் பம்ப்புக்குள் ஆவிக் குமிழிகள் உண்டாகிவிடும். அதனால்தான் அந்தத் தொட்டியைக் கட்டடத்தின் உயரமான தளத்தில் வைப்பார்கள். பொதுவாக ஒரு நிலையத்தில் ஒரே ஒரு திறந்த ஹீட்டர்தான் இருக்கும். தண்ணீரில் கரைந்திருக்கும் ஆக்சிஜனை வெளியேற்றும் வேலையையும் அதுவே செய்யும். டீஏரேட்டர் என்பது அதைத்தான்.

மற்றவை மூடிய ஹீட்டர்கள். குழாய்க்குள் தண்ணீர், குழாய்க்கு வெளியே நீராவி, இரண்டும் கலப்பதில்லை. ஆகவே வரவு செலவுச் சமன்பாடு மாறும். தண்ணீர் முழு 1 கிலோ ஓடும், நீராவி ஒடுங்கித் தண்ணீராக வெளியே வரும்:

ப × (எ6 − ஒடுங்கிய நீரின் எ) = வெளியேறும் தண்ணீரின் எ − நுழையும் தண்ணீரின் எ

நம் எடுத்துக்காட்டில், தண்ணீர் அதே 170.4 டிகிரி வரை சூடாகிறது, ஒடுங்கிய நீர் கண்டென்சருக்கே திரும்பிப் போகிறது என்று வைத்தால், ப = 529.0 ÷ 2077.2 = 0.255. வேலை 1091, திறன் 40.9 சதவீதம். திறந்த ஹீட்டரைவிட 1.2 குறைவு. 170 டிகிரி நீரைக் கொண்டுபோய் 46 டிகிரிக் கண்டென்சரில் கொட்டுவதால் வந்த நஷ்டம் அது. ஒடுங்கிய நீரைக் கண்டென்சருக்கு அனுப்பாமல் அடுத்த தாழ்வழுத்த ஹீட்டருக்குப் படிப்படியாக இறக்குவது இந்த நஷ்டத்தைக் குறைக்கத்தான். உண்மையான மூடிய ஹீட்டரில் தண்ணீர் நீராவியின் தெவிட்டு வெப்பநிலையைத் தொடாமல் சில டிகிரி குறைவாகவே வெளியேறும். கணக்கில் அந்த வேறுபாட்டைக் கொடுத்திருந்தால் மறக்காமல் கழித்துவிடுங்கள்.

குறையுள்ள டர்பைன்

உண்மை டர்பைனில் உராய்வு உண்டு, கசிவும் உண்டு. டர்பைனும் பம்ப்புகளும் 85 சதவீதத் திறன் கொண்டவை என்று எடுத்துக்கொள்வோம். டர்பைனின் நுழைவாயிலிலிருந்து ஒவ்வொரு புள்ளிக்கும் உள்ள என்தால்பி வீழ்ச்சியை 0.85-ஆல் பெருக்குங்கள்:

எ6 = 3399.5 − 0.85 × 601.4 = 2888.3
எ7 = 3399.5 − 0.85 × 1269.2 = 2320.7

பம்ப் வேலையை மட்டும் 0.85-ஆல் வகுக்க வேண்டும், பெருக்கக் கூடாது. குறையுள்ள பம்ப் அதிகம் கேட்கும், குறையுள்ள டர்பைன் குறைவாகத் தரும். இதை மாற்றிப் போடுவது சர்வசாதாரணமான தவறு.

அப்புறம் ப-வைப் புதிதாகக் கணக்கிட வேண்டும். பழைய 0.2027-ஐ அப்படியே வைத்துக்கொள்ளக் கூடாது, ஏனென்றால் உருவிய நீராவி இப்போது இன்னும் சூடாக இருக்கிறது. புதிய ப = 0.196. உள்ளே வரும் வெப்பம் 2669.2, வெளியே போவது 1711.8, திறன் 35.9 சதவீதம். ஹீட்டர் இல்லாத சுழற்சி இதே குறைகளோடு 33.4 சதவீதம். இரண்டுமே இறங்கிவிட்டன, ஆனால் உருவியதால் கிடைத்த லாபம் ஏறக்குறைய அப்படியே நிற்கிறது. இங்கே ஒரு சின்ன நன்மையும் உண்டு. டர்பைனின் கடைசியில் உலர்வு விகிதம் 0.81-லிருந்து 0.89-க்கு ஏறியிருக்கிறது. 0.81 என்ற ஈரத்தில் ஓடினால் நீர்த்துளிகள் கடைசி பிளேடுகளை அரித்துவிடும். நடைமுறையில் ஈரம் 10 முதல் 12 சதவீதத்தைத் தாண்டாமல் பார்த்துக்கொள்வார்கள்.

இரண்டு ஹீட்டர் கணக்கு

சரி, இனி உங்கள் முறை. அதே குறையற்ற சுழற்சி, இரண்டு திறந்த ஹீட்டர்கள், 2 மெகாபாஸ்கலிலும் 0.25 மெகாபாஸ்கலிலும். பம்ப்புகள் இப்போது மூன்று. அழுத்தம் அதிகமான ஹீட்டரிலிருந்து தொடங்குங்கள். அதை விட்டு வெளியேறுவது முழு 1 கிலோ என்பது தெரிந்ததால், அங்கே தெரியாதது ஒன்றே ஒன்றுதான். கீழே உள்ள ஹீட்டரை விட்டு வெளியேறுவது 1 கிலோ அல்ல, மேலே பிரிந்துபோன பங்கைக் கழித்த மீதிதான். இங்கேதான் எல்லோரும் கோட்டை விடுவார்கள். அம்புக்குறிகளின் மேல் கிலோவை எழுதிவிட்டுத் தொடங்கினால் இந்தச் சிக்கலே வராது.

விடைகள் இவை: மேல் ஹீட்டருக்கு 0.151, கீழ் ஹீட்டருக்கு 0.122, கண்டென்சர் வரை போவது 0.727. திறன் 43.2 சதவீதம். முதல் ஹீட்டர் 2.7 கொடுத்தது, இரண்டாவது 1.1 மட்டும் கூட்டியது. உங்கள் விடை இந்த எண்களோடு கடைசி இலக்கத்தில் மட்டும் மாறுபட்டால் கணக்கு சரி, அட்டவணைதான் வேறு.